சவரக் கிறீமில் கலப்பவை: பெயர்ப்பட்டியல் அச்சமும் சட்டத்தின் இடைவெளியும்

உணவில் கலப்படம், காலாவதியான மருந்து விற்பனை போன்ற செய்திகள் வெளிவரும் போதெல்லாம் பாவனையாளர் பாதுகாப்பு என்னும் விடயம் நாட்டில் பேசுபொருளாகின்றது. எனினும் வயது வந்த ஆண்களில் பெரும்பாலானோர் வாரத்தில் பல தடவைகள் முகத்தில் பூசிக்கொள்ளும் சவரச் சவர்க்காரம், சவரக் கிறீம், சவர நுரை ஆகியவை இந்த விவாதத்தினுள் இடம்பெறுவது அரிதாகும். விலையையும் வாசனையையும் விளம்பரத்தில் தோன்றும் விளையாட்டு வீரரின் முகத்தையும் பார்த்தே இவை வாங்கப்படுகின்றன. பொதியின் பின்புறத்தில் எறும்பு வரிசை போன்று அச்சிடப்பட்டிருக்கும் பெயர்களை வாசிப்போர் மிகச் சிலரே.

அப்பெயர்களை வாசிப்பது அவசியம் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஆம் ஆண்டு மார்ச் 1 ஆம் திகதி நடைமுறைப்படுத்திய தடையொன்று உணர்த்தியது. வர்த்தகத்தில் 'லிலியல்' என அழைக்கப்படுவதும் பொதிகளில் 'பியூட்டைல்பீனைல் மெதில்புரோப்பியனல்' எனக் குறிக்கப்படுவதுமான வாசனைப் பொருள் கலந்த எந்த அழகுசாதனத்தையும் அன்று முதல் அங்கு விற்க முடியாது போயிற்று. மலரின் மணத்தைத் தரும் இப்பொருள் பல ஆண்டுகளாகச் சவரக் கிறீம்களிலும் ஷாம்புகளிலும் சவரத்தின் பின் பூசும் திரவங்களிலும் தாராளமாகச் சேர்க்கப்பட்டு வந்தது. விலங்குப் பரிசோதனைகளின் அடிப்படையில் அது இனப்பெருக்க ஆற்றலைப் பாதிக்கக் கூடியதென வகைப்படுத்தப்பட்டதே தடைக்குக் காரணமாகும்.

இத்தடைக்கு முன்னர், 2019 இல், ஒன்றியத்தின் பாவனையாளர் பாதுகாப்புக்கான விஞ்ஞானக் குழு வெளியிட்ட கருத்து கூர்ந்து கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எடுத்து நோக்கினால் அதிலுள்ள லிலியலின் அளவு ஆபத்தானதன்று. ஆயினும் ஒருவர் ஒரே நாளில் பாவிக்கும் சவர்க்காரம், ஷாம்பு, கிறீம், வாசனைத் திரவியம் அனைத்தையும் கூட்டிப் பார்க்கும்போது அது பாதுகாப்பானதெனக் கொள்ள முடியாது என்பதே அக்குழுவின் முடிவாகும். "எமது பொருளில் மிகச் சிறிய அளவே உள்ளது" என ஒவ்வொரு உற்பத்தியாளரும் கூறுவது உண்மையாக இருந்தாலும், அந்தச் சிறிய அளவுகள் அனைத்தும் வந்து சேருமிடம் ஒரே மனிதனின் உடலே என்பதை அது தெளிவுபடுத்தியது.

சவரம் செய்யப்பட்ட தோல்

சவரக் கிறீமை ஏனைய சவர்க்காரங்களிலிருந்து வேறுபடுத்தி நோக்குவதற்குத் தக்க காரணம் உண்டு. தோலின் மேற்பரப்பில் இறந்த கலங்களும் கொழுப்பும் சேர்ந்து அமைந்த மெல்லிய படையொன்று உள்ளது. வெளியிலிருந்து வருவனவற்றைத் தடுத்து, உள்ளிருக்கும் ஈரத்தைக் காப்பது அதன் பணியாகும். சவர அலகு மயிரை வெட்டும்போது இப்படையின் ஒரு பகுதியையும் வழித்துச் செல்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத சிறு கீறல்களும் ஏற்படுகின்றன. சுடுநீரும் நுரையும் தோலை ஏற்கனவே இளக்கியிருக்கும். இந்நிலையில் கையைக் கழுவும்போது தீங்கு செய்யாத ஒரு பொருள், சவரம் செய்த கன்னத்தில் எரிச்சலை உண்டாக்குவது வியப்பன்று.

நல்ல தோலின் மேற்பரப்பு சிறிதளவு அமிலத்தன்மை கொண்டது, அதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5 ஆகும். மரபான சவரச் சவர்க்காரத்தின் நுரையோ 9 முதல் 10 வரையிலான காரத்தன்மை உடையது. மயிரை மென்மையாக்க இது உதவினாலும், வரண்ட தோல் உடையோருக்குச் சவரத்தின் பின்னர் தோல் இழுபடுவது போன்ற உணர்வைத் தருவதும் இதுவே.

இங்கு ஒரு தவறான எண்ணத்தையும் அகற்ற வேண்டியுள்ளது. சவரச் சவர்க்காரத்தின் பட்டியலில் 'பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டு', 'சோடியம் ஹைட்ரொக்சைட்டு' ஆகிய பெயர்களைக் கண்டு அஞ்சுவோர் உளர். இவை எரிகாரங்கள் என்பது உண்மையே. ஆனால் ஸ்டியரிக் அமிலம், தேங்காயெண்ணெய் போன்றவற்றோடு சேரும்போது இவை முற்றாக மாற்றமடைந்து சவர்க்காரமும் கிளிசரினும் உருவாகின்றன. முறையாகத் தயாரிக்கப்பட்ட சவர்க்காரத்தில் எரிகாரம் எஞ்சியிருப்பதில்லை. எனவே 'இரசாயனம் அற்றது' என்னும் விளம்பர வாசகம் பொருளற்றதாகும். எல்லாச் சவர்க்காரமும் இரசாயனமே. அவற்றுள் எது, எவ்வளவு, எவருக்குத் தீங்கு என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

பெயரைக் கண்டு அஞ்சியதன் விலை

பெயரை மட்டும் கொண்டு அஞ்சுவது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்குப் பரபென்களின் வரலாறு சிறந்த உதாரணமாகும். நீர் கலந்த கிறீம்களில் கிருமிகளும் பூஞ்சணமும் வளராதிருக்கப் பல தசாப்தங்களாகச் சேர்க்கப்பட்டு வந்த பாதுகாப்புப் பொருட்களே இவை. 2004 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வொன்று 20 மார்பகக் கட்டிகளின் மாதிரிகளில் பரபென்கள் காணப்பட்டதாகத் தெரிவித்தது. அவையே புற்றுநோயை உண்டாக்கின என அவ்வாய்வு நிறுவவில்லை. ஆயினும் 'பரபென் அற்றது' என்னும் சொல் விரைவிலேயே விற்பனை முத்திரையாக மாறியது.

பாதுகாப்புப் பொருள் எதுவுமின்றி நீர் கலந்த கிறீமைத் தயாரிக்க இயலாது. ஆகவே பரபென் விலகிய இடத்திற்கு வேறொன்று வர வேண்டியிருந்தது. அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று மெதில்ஐசோதயசோலினோன். 2005 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் இதனைத் தனியாக 0.01 சதவீதம் வரை அழகுசாதனங்களில் சேர்க்க அனுமதி வழங்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் தோல் நோய் சிகிச்சை நிலையங்களில் இதனால் ஒவ்வாமைக்குள்ளானோர் பெருகினர். 2013 இல் அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் இதனை அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் கழுவி நீக்கப்படாத பொருட்களில் இதனைத் தடை செய்ததுடன், சவர நுரை போன்று கழுவி நீக்கப்படும் பொருட்களில் 0.0015 சதவீதமாகக் குறைத்தது.

அதே அமெரிக்கச் சங்கம் 2019 இல் பரபென்களை, ஒவ்வாமை ஏற்படுத்துவது மிக அரிது என்பதைச் சுட்டிக்காட்டும் வகையில், 'ஒவ்வாமையற்ற பொருளாக' அறிவித்தமை குறிப்பிடத்தக்கது. பரபென்கள் அனைத்தும் குற்றமற்றவை என இதற்குப் பொருளாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் ஐசோபுரோப்பைல், ஐசோபியூட்டைல் பரபென்கள் உள்ளிட்ட ஐந்தைத் தடை செய்து, புரோப்பைல், பியூட்டைல் பரபென்களின் அளவைக் குறைத்தது. மெதில், எதில் பரபென்களை வரையறுக்கப்பட்ட அளவில் தொடர்ந்து அனுமதித்தது. ஒரே குடும்பப் பெயரைக் கொண்டவற்றிடையே இத்தகைய வேறுபாடு இருப்பதை 'பரபென் அற்றது' என்னும் முத்திரை மறைத்துவிடுகின்றது.

தவிர்க்கத் தக்கவை எவை?

அவ்வாறாயின் வாங்குவோர் எவற்றைத் தவிர்க்க வேண்டும்? முதலாவதாக, மேலே கூறப்பட்ட மெதில்ஐசோதயசோலினோனும் அதனோடு சேர்ந்து வரும் மெதில்குளோரோஐசோதயசோலினோனும் ஆகும். ஒவ்வாமை உடையோர் இவற்றை முற்றாகத் தவிர்ப்பதே நன்று.

இரண்டாவதாக, சிறிது சிறிதாகப் போமல்டிகைட்டை வெளியிடும் பாதுகாப்புப் பொருட்கள் ஆகும். டீ.எம்.டீ.எம். ஹைடன்டொயின், இமிடசோலிடினைல் யூரியா, டயசோலிடினைல் யூரியா என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. சுவாசத்தின் வழி நீண்டகாலம் உட்செல்லும் போமல்டிகைட்டு மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியதென உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. சவரக் கிறீமில் வெளிவரும் அளவு மிகக் குறைவெனினும், ஒவ்வாமையை உண்டாக்க அது போதுமானதாக அமையலாம். இவ்வகையைச் சேர்ந்த குவாட்டர்னியம்-15 என்பது ஐரோப்பாவில் தடை செய்யப்பட்டுவிட்டது.

மூன்றாவதாக, வாசனைக் கலவைகள் ஆகும். பொதியில் 'பர்பியூம்' அல்லது 'பிராகிரன்ஸ்' என்ற ஒரே சொல்லினுள் பல பத்துப் பொருட்கள் அடங்கியிருக்கலாம். ஒவ்வாமை தரும் 26 வாசனைப் பொருட்களைப் பெயர் குறித்து அச்சிட வேண்டுமென 2003 இல் கட்டளையிட்ட ஐரோப்பிய ஒன்றியம், 2023 இல் அப்பட்டியலை 80 இற்கும் அதிகமாக விரிவுபடுத்தியது. எலுமிச்சை, லவண்டர் போன்ற தாவர எண்ணெய்களிலும் இவற்றுட் சில இயற்கையாகவே உள்ளன. ஆதலால் 'மூலிகை', 'இயற்கை' என்னும் சொற்கள் பாதுகாப்புக்கு உத்தரவாதமாகா. 'வாசனையற்றது' என விற்கப்படும் சிலவற்றில் மூலப்பொருட்களின் மணத்தை மறைப்பதற்கென வாசனைப் பொருள் சேர்க்கப்படுவதும் உண்டு.

நான்காவதாக, சோடியம் லோரைல் சல்பேற்று ஆகும். நுரையை மிகுவிக்கும் இது நஞ்சன்று. ஆனால் தோல் மருத்துவ ஆய்வுகளில் எரிச்சலை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்ப்பதற்குப் பயன்படுத்தப்படும் பொருளும் இதுவே. நொய்ந்த தோல் உடையோர் இது பட்டியலின் தொடக்கத்தில் உள்ள கிறீம்களைத் தவிர்க்கலாம். மெந்தோல் தரும் குளிர்ச்சியும் அவ்வாறே ஆராயப்பட வேண்டியது. அது எரிச்சலை நீக்குவதில்லை; எரிச்சலை உணராதிருக்கச் செய்கின்றது. கிருமிநாசினி என்ற பெயரில் சேர்க்கப்பட்ட டிரைகுளோசன் சாதாரண சவர்க்காரத்தை விடக் கூடுதல் பயன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 இல் பாவனையாளர் சவர்க்காரங்களிலிருந்து அதனையும் மேலும் 18 பொருட்களையும் விலக்கியது.

தகரக் குப்பியிலிருந்து பீறிடும் நுரை வகைகளில் பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரிவாயுக்கள் அடைக்கப்பட்டுள்ளன. விசிறல் வகை அழகுசாதனங்கள் சிலவற்றில் இவ்வாயுக்களோடு புற்றுநோய்க் காரணியான பென்சீன் கலந்திருந்தமை 2021 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் அமெரிக்காவில் கண்டறியப்பட்டு, பல பொருட்கள் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டன. பென்சீன் என்பது எவரும் வேண்டுமென்றே சேர்த்த பொருளன்று. ஆகவே எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் இருப்பதில்லை. பட்டியலை வாசிப்பதன் எல்லை இவ்விடத்தில் தெரிகின்றது. வாங்குபவர் எவ்வளவு கவனமாக வாசித்தாலும், எழுதப்படாததை அவரால் அறிய முடியாது. அதனை அறியும் வசதி பரிசோதனைக்கூடத்திற்கே உண்டு. பரிசோதனைக்கூடத்தை இயக்கும் கடமை அரசுக்கே உண்டு.

தூரிகை தந்த பாடம்

முதலாம் உலக மகா யுத்த காலத்தில் இப்பாடம் பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. யுத்தத்தினால் தரமான சவரத் தூரிகைகளுக்கான மயிர் கிடைப்பது தடைப்படவே, மலிவான குதிரை மயிரைக் கொண்டு போலித் தூரிகைகள் பெருமளவில் தயாரிக்கப்பட்டன. உரிய முறையில் கிருமி நீக்கம் செய்யப்படாத அம்மயிர் வழியாக அந்திராக்ஸ் நோய் சவரக் கீறல்களினூடே உடலினுட் புகுந்தது. 1915 ஆம் ஆண்டிற்கும் 1924 ஆம் ஆண்டிற்கும் இடையில் அமெரிக்க, பிரித்தானியப் படையினரும் பொதுமக்களுமாக இருநூறுக்கும் அதிகமானோர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர்.

தூரிகையை வாங்கிய எந்தவொரு படைவீரனும் அதன் மயிரைப் பார்த்து நோயை அறிந்திருக்க முடியாது. பிரித்தானியா 1919 இல் அந்திராக்ஸ் தடுப்புச் சட்டத்தை இயற்றி, அதன் கீழ் ஜப்பானிலிருந்து சவரத் தூரிகைகளை இறக்குமதி செய்வதை 1920 இல் தடை செய்தது. தனிமனிதரின் விழிப்புணர்வு தீர்க்க இயலாத பிரச்சினையைத் துறைமுகத்தில் நின்ற சட்டமே தீர்க்க வேண்டியிருந்தது.

மூலப்பொருளும் மார்க்கமும்

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரையில் இவ்விடயத்திற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. சவரச் சவர்க்காரத்தின் அடிப்படையான ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் தென்னை, பாம் எண்ணெய்களிலிருந்தும் பெறப்படலாம். மாட்டின் அல்லது ஆட்டின் கொழுப்பிலிருந்தும் பெறப்படலாம். 'சோடியம் டலோவேற்று' என்றிருந்தால் அது விலங்குக் கொழுப்பு என அறியலாம். ஆனால் 'ஸ்டியரிக் அசிட்', 'கிளிசரின்' என மட்டும் இருப்பின் அதன் மூலத்தைப் பொதி சொல்வதில்லை. தூரிகைகளிற் சில பன்றி மயிரால் செய்யப்படுகின்றன என்பதும் பலர் அறியாததாகும்.

இஸ்லாமியருக்கு இது ஹலால் பற்றிய வினாவாகும். சவர்க்காரமாகும் போது கொழுப்பு வேறொரு பொருளாக மாறிவிடுவது தொடர்பில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. புலால் தவிர்க்கும் இந்துக்களுக்கும் மூலத்தை அறிவது முக்கியமானதாகும். அவரவர் நம்பிக்கையின் வழி தீர்மானிக்க வேண்டுமாயின், முதலில் அவரவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். இந்தோனேசியா 2014 இல் இயற்றிய ஹலால் உற்பத்தி உத்தரவாதச் சட்டத்தின் கீழ் அழகுசாதனங்களுக்கு 2026 ஒக்டோபரைக் காலவரையறையாகக் கொண்டுள்ளது. ஒவ்வாமை உடையவரும் சமய நெறியைப் பேணுபவரும் வேண்டி நிற்பது ஒன்றையே: பொதி உண்மையை முழுமையாகச் சொல்ல வேண்டும்.

இலங்கையில் சட்டத்தின் நிலை

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், ஔடதங்கள் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே கட்டுப்படுத்தியது. பேராசிரியர் சேனக பிபிலேயின் ஔடதக் கொள்கையை நடைமுறைப்படுத்தும் நோக்குடன் 2015 இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் கொண்டு வரப்பட்டபோது பழைய சட்டம் நீக்கப்பட்டது. புதிய சட்டம் மருந்துகள், மருத்துவ சாதனங்கள், எல்லைநிலை உற்பத்திகள் ஆகியவற்றை முன்னிறுத்தியது. பழைய சட்டத்தின் தலைப்பிலேயே முதலாவதாக நின்ற அழகுசாதனப் பொருட்கள் புதிய சட்டத்தில் அவ்விடத்தைப் பெறவில்லை. மருந்து விலையும் தரமும் பற்றிய பெரும் போராட்டத்தின் நடுவே சவர்க்காரமும் கிறீமும் கவனத்திலிருந்து நழுவின எனலாம்.

அதனால் எழக்கூடிய ஆபத்தைப் பாதரசம் கலந்த வெண்மையாக்கும் கிறீம்கள் எடுத்துக்காட்டுகின்றன. பாதரசம் தோலினூடே உட்புகுந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கக் கூடியது. பாதரசம் தொடர்பான மினமாட்டா சமவாயத்தை இலங்கை 2017 இல் ஏற்புறுதி செய்தது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய அச்சமவாயத்தின் உறுப்பு நாடுகள், பாதரசம் சேர்க்கப்பட்ட அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025 ஆம் ஆண்டுடன் ஒழிப்பதற்கு உடன்பட்டன. ஆனால் சர்வதேச உடன்படிக்கையில் இடப்படும் கையொப்பம் நகரத்துக் கடையின் அலுமாரியை எட்ட வேண்டுமாயின், இடையில் சட்டமும் பரிசோதகரும் ஆய்வுகூடமும் இருக்க வேண்டும்.

இருக்கும் அதிகாரங்களைப் பயன்படுத்தவும் வழியுண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருட்களின் சுட்டுத்துண்டு, பொதியிடல், விற்பனை தொடர்பில் பணிப்புரைகளை விடுக்கும் அதிகாரத்தைச் சபைக்கு வழங்குகின்றது. சேர்மானங்கள் அனைத்தையும் வாசிக்கத்தக்க எழுத்தளவில் அச்சிடுதல், எச்சரிக்கையையும் பாவனை முறையையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வழங்குதல், விலங்குக் கொழுப்பின் மூலத்தைக் குறிப்பிடுதல் ஆகியவற்றை இவ்வதிகாரத்தின் வழி வலியுறுத்த இயலும். சேர்மானங்களின் சர்வதேசப் பெயர்கள் எல்லா நாடுகளிலும் ஒரே வடிவில் இருப்பது நன்மையே. ஆனால் "எரிச்சல் ஏற்படின் பாவனையை நிறுத்துக" என்னும் வாசகம் வாங்குபவரின் மொழியில் இல்லையெனில் அது எழுதப்பட்டும் எழுதப்படாததாகின்றது.

பாதிப்பைச் சுமப்போர் யார்?

இக்கேள்வி வசதி படைத்தோரின் தோல் அழகு பற்றியதன்று. ஒவ்வாமை ஏற்பட்டால் தோல் நோய் நிபுணரை நாடி ஒட்டுப் பரிசோதனை செய்துகொள்ளவும், விலையுயர்ந்த கிறீமுக்கு மாறவும் வசதியுள்ளோருக்கு முடியும். ஒரே நாளில் பலருக்குச் சவரம் செய்யும் சிகையலங்காரத் தொழிலாளியின் விரல்கள் அந்த நுரையிலேயே ஊறிக் கிடக்கின்றன. வீட்டில் பாவிப்பவருக்குச் சில நிமிடத் தொடுகையாக இருப்பது அவருக்கு முழுநாள் தொடுகையாகின்றது. மலிவான பெரிய டப்பாவைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயமும் அவருக்கே உண்டு. ஒவ்வாமை ஒருமுறை ஏற்பட்டால் பொதுவாக அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் என்பதனால், கையில் தோன்றும் வெடிப்பு அவரது தொழிலையே பறிக்கக் கூடும்.

சட்டம் வரும்வரை பாவனையாளர் செய்யத் தக்கவையும் உண்டு. சேர்மானப் பட்டியல் இல்லாத பொருளை வாங்காதிருத்தல் முதற்படியாகும். புதிய கிறீமை முகத்தில் இடுவதற்கு முன்னர், முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசிச் சில நிமிடங்களில் கழுவி, இதனைச் சில நாட்கள் தொடர்ந்து செய்து பார்க்கலாம். பூசியவுடன் தோன்றும் எரிவு பெரும்பாலும் உறுத்தலாகும். ஓரிரு நாட்கள் கழித்துத் தோன்றும் அரிப்பும் சிவப்பும் ஒவ்வாமையின் அறிகுறிகளாக இருக்கலாம். அத்தகையோர் பொதியை எறிந்துவிடாது மருத்துவரிடம் எடுத்துச் செல்வது அவசியம். சுருண்ட தாடி உடையோருக்கு மயிர் தோலினுள் திரும்பி வளர்வதாலும் பருக்கள் தோன்றுகின்றன. அதற்குக் கிறீமைக் குறை கூறிப் பயனில்லை; சவரம் செய்யும் முறையையே மாற்ற வேண்டும்.

தனிமனிதர் செய்யக் கூடியது இவ்வளவே. லிலியலைத் தனியொருவர் கண்டறியவில்லை. மெதில்ஐசோதயசோலினோனின் அளவைக் குறைத்தது விளம்பரமும் அன்று. மருத்துவர்கள் பதிவு செய்தனர், விஞ்ஞானிகள் கூட்டிப் பார்த்தனர், சட்டம் செயற்பட்டது. அமெரிக்கா கூட 1938 ஆம் ஆண்டின் சட்டத்தில் அழகுசாதனங்கள் தொடர்பில் முதற்பெரும் மாற்றத்தை 2022 டிசெம்பரிலேயே மேற்கொண்டது என்பதிலிருந்து, காலந்தாழ்த்தியேனும் இக்கடமையை நிறைவேற்ற முடியும் என்பது தெளிவாகின்றது. அழகுசாதனங்களுக்கெனத் தெளிவான சட்டத்தையும் அதனை நிறைவேற்றும் ஆய்வுகூட வசதியையும் ஏற்படுத்துவதில் மக்கள் பிரதிநிதிகள் அக்கறை காட்ட வேண்டும். ஐரோப்பாவில் விற்க முடியாது போன பொருள் எங்கு செல்லும் என்பது, கதவு திறந்திருக்கும் நாடுகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.